டிரம்ஹெல்லரா, டைனோசர் மாகாணப் பூங்காவா?

கனடாவின் ஆல்பர்ட்டாவில் டைனோசர் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் டிரம்ஹெல்லருக்குத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். கால்கரியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். புல்வெளி தட்டையாக ஓடிக்கொண்டே வரும், திடீரென்று நிலம் பிளந்து கீழே இறங்கும், உள்ளே ரெட் டியர் ஆறும் வரிவரியான மொட்டைக் குன்றுகளும் ஒரு சின்ன ஊரும். குழந்தைகளோடு ஒரே நாளில் போய்வர வேண்டும் என்றால் அதுதான் சரி. ஆனால் அதோடு பார்த்தாயிற்று என்று திரும்புகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்பதில்லை. அதே ஆற்றில் இன்னும் கீழே, ப்ரூக்ஸ் ஊரிலிருந்து 48 கிலோமீட்டர் தள்ளி, டைனோசர் மாகாணப் பூங்கா இருக்கிறது.

டிரம்ஹெல்லரின் பலம் ராயல் டிரெல் அருங்காட்சியகம். 1884-இல் இந்தப் பக்கம் நிலக்கரி தேடி வந்த ஜோசஃப் டிரெல், ஆல்பர்ட்டோசாரஸ் என்ற டைனோசரின் மண்டையோட்டைக் கண்டார். அவர் பெயரில் 1985-இல் திறந்தது இது. இங்கே கவசம் போர்த்திய நோடோசர் வகை டைனோசர் ஒன்று இருக்கிறது, 2011-இல் ஃபோர்ட் மக்மரே பக்கம் சுரங்கத்தில் கிடைத்தது, சுமார் 11 கோடி ஆண்டு பழசு. எலும்புக்கூடாக இல்லாமல், தோலும் கவசமுமாக ஒரு மிருகம் படுத்திருப்பது போலவே இருக்கும். அதன் முன்னால் நான் அரை மணி நேரம் நின்றேன். ஊருக்குள் 26 மீட்டர் உயர டைனோசர் சிலை, 106 படி ஏறினால் அதன் வாய்க்குள் நிற்கலாம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்கு ஒரு தடவை போதும். தொப்பி வைத்த தூண் மாதிரி நிற்கும் ஹூடூ பாறைகளைவிட எனக்குப் பிடித்தது ஈஸ்ட் கூலியில் உள்ள அட்லஸ் நிலக்கரிச் சுரங்கம்தான், ஏனென்றால் இந்த ஊர் டைனோசரால் பிழைப்பதற்கு முன் கரியால் பிழைத்த ஊர்.

பூங்கா வேறு மாதிரி. 1979-லிருந்து யுனெஸ்கோ பாரம்பரியத் தலம், பாறைகளுக்கு ஏறக்குறைய ஏழரைக் கோடி வயது. இங்கே எலும்பு இன்னும் மண்ணிலேயே கிடக்கிறது. மழை கரைத்துவிட்ட சரிவில் காவி நிறத் துண்டு ஒன்றைக் காட்டி, இது எலும்பு என்று வழிகாட்டி சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. ஆனால் பெரும்பகுதிக்குள் வழிகாட்டியோடுதான் போகமுடியும், அதற்கு முன்பதிவு வேண்டும். நாமாகச் சுற்றிப் பார்க்கச் சில பாதைகளும் ஒரு சின்னச் சுற்றுச்சாலையும் உண்டு. ஓட்டல், கடை என்று பெரிதாக எதுவும் கிடையாது. கோடையில் பள்ளத்தாக்கு அடுப்பு மாதிரி கொதிக்கும், நிழல் கிடையாது, தண்ணீர் நிறைய எடுத்துப்போங்கள். மழை பெய்தால் அந்தக் களிமண் சோப்பு மாதிரி வழுக்கும், அப்போது குன்றில் கால் வைக்காதீர்கள்.

இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் முதல் நாள் அருங்காட்சியகம், இரவு டிரம்ஹெல்லரில் தங்கல், மறுநாள் விடியற்காலையில் கிளம்பி இரண்டு மணி நேரத்தில் பூங்கா. இந்த வரிசையை மாற்றாதீர்கள். முழு உருவத்தை முதலில் பார்த்திருந்தால்தான் மண்ணில் கிடக்கும் துண்டு என்னவென்று கண்ணுக்குப் பிடிபடும். அப்புறம், பூங்காவில் எந்தத் துண்டையும் பைக்குள் போடாதீர்கள், அது சட்டப்படி குற்றம். படம் எடுத்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, வழிகாட்டியிடம் இடத்தைச் சொல்லுங்கள்.