ஸ்டார்டியூ வேலி: கண்ணி கட்டிலில்தான் இருக்கிறது

எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலரை ஆண்டு உழைத்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட விவசாய விளையாட்டு இது. படமும் இசையும் கதையும் அவர் கைவேலைதான். ஒருமுறை வாங்கினால் போதும். 2024இல் வந்த 1.6 புதுப்பிப்புக்கும் தனிக்காசு கேட்கவில்லை. ஹே டே என்ற கைத்தொலைபேசி விளையாட்டு மாதிரி வைரம் வாங்கச் சொல்லி நச்சரிப்பதும் கிடையாது. அப்படியிருந்தும் இதை எடுத்தவர்கள் லேசில் கீழே வைப்பதில்லை.

காரணம், கட்டில். ஆட்டத்தில் ஒரு நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு முடியும். நம் கணக்கில் சுமார் 14 நிமிடம். சிங்கப்பூரின் பொங்கோலில் ரயில் ஏறினால் டோபி காட் வருவதற்குள் கிட்டத்தட்ட இரண்டு நாள் ஓடிவிடும். கணினியிலும் நிண்டெண்டோ சுவிட்ச் விளையாட்டுக் கருவியிலும் நம் விவசாயி கட்டிலில் தூங்கினால்தான் ஆட்டம் சேமிக்கப்படும். பாதியில் மூடினால் அன்றைய உழைப்பு வீண். தூங்கினாலோ வருமானக் கணக்கு காட்டி, சேமித்து, நம்மைக் கேட்காமலே மறுநாளை விடியவைத்துவிடும். நிறுத்த நினைக்கும் நேரத்தில் வாசலில் கடிதம் காத்திருக்கும்.

பயிரும் இதற்கு ஒத்து ஊதும். பார்ஸ்னிப் 4 நாள், உருளைக்கிழங்கு 6, காலிஃபிளவர் 12. எதுவும் ஒன்றாக முடியாது. நாளைக்கு என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். பருவத்துக்கு 28 நாள்தான். உரம் போடாமல் காலிஃபிளவரை வசந்தம் 16ஆம் தேதிக்குப் பிறகு விதைத்தால் விதைக்காசு போச்சு, கோடை பிறந்ததும் செடி கருகிவிடும். ஸ்ட்ராபெரி விதை வசந்தம் 13ஆம் தேதி முட்டைத் திருவிழாவில் மட்டும், ஒன்று 100 காசு. திரும்பி வரும்போது இரவு 10 மணி. அன்றே விதைத்துத் தண்ணீர் ஊற்றினால் 21, 25 என இரண்டு அறுவடை. பழம் 120க்குப் போகும். விதையைப் பத்திரப்படுத்தி அடுத்த வசந்தத்தின் முதல் நாளே போட்டால் ஐந்து அறுவடை. இந்தக் கணக்கு புரிந்த ஆள் அந்த ஓராண்டை ஆடி முடிக்காமல் விடுவாரா?

புதியவர்கள் சறுக்குவது தண்ணீரில். தொடக்கத் தெம்பு 270. பூவாளியை ஒரு தடவை சாய்த்தால் 2 போகும். கொத்தவும் மரம் வெட்டவும் மிச்சம் வேண்டுமே. கையில் காசு இருக்கிறதென்று விதையை அள்ளக் கூடாது. பூவாளியைச் செம்புக்கு மாற்ற 2,000 காசு, 5 செம்புக் கட்டி, இரண்டு நாள். ஆட்டத்தில் வரும் தொலைக்காட்சியில் நாளை மழை என்றால் இன்று தண்ணீர் ஊற்றிவிட்டுக் கொல்லரிடம் கொடுங்கள். ஒரு செடியும் வாடாது. முதல் ரக ஸ்பிரிங்க்லர் நாலு கட்டத்தைத்தான் நனைக்கும். எட்டுக் கட்டம் நனைக்கும் ரகம் விவசாயத் தகுதி 6ஆம் நிலையை எட்டும்போது வரும். அதற்குத் தங்கத்தைச் சேர்த்து வைக்கலாம்.

குறைகளும் உண்டு. தூண்டில் போடுவது ஆரம்பத்தில் எரிச்சலின் உச்சம். கைத்தொலைபேசித் திரையில் சண்டை போடுவது அதைவிட மோசம், சுவிட்சே மேல். தமிழ் மொழித் தேர்வு இல்லை.

பிள்ளைகள் ஆடும் வீட்டில் கருவியைப் பிடுங்க வேண்டாம். இரவு 2 மணிவரை விழித்திருக்க வேண்டிய கட்டாயம் ஆட்டத்தில் இல்லை. காலை 10 மணிக்கே கட்டிலில் ஏறினாலும் சேமித்துவிடும். விடிந்ததும் தொலைக்காட்சிப் பக்கம் போகாமல் வெளியேறச் சொல்லுங்கள். ஆனால் நண்பர்களோடு சேர்ந்து ஆடும்போது இந்த வழி எடுபடாது: எல்லோரும் கட்டிலுக்குப் போனால்தான் 2 மணிக்கு முன் நாள் முடியும், சுரங்கத்தில் ஒருவர் நின்றாலும் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.