பெற்ற பிள்ளையா, முன்பின் தெரியாதவரா?

அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய். ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை இன்னொருவரிடமிருந்து பெறும் மாற்றுதான் வழி என்றானது. பொருத்தம் பார்ப்பது எச்எல்ஏ எனப்படும், செல்களின் மேலிருக்கும் அடையாளக் குறிகளை வைத்து. கைவசம் இருந்தவர்கள் இருவர்: பாதி பொருந்தும் நான், கொடையாளர் பதிவகத்தில் அகப்பட்ட, 10-க்கு 10 பொருந்திய யாரோ ஒருவர். மாமாவும் பாதிதான் பொருந்தினார், ஆனால் வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

பாதிப் பொருத்தத்தின் சௌகரியம் தெரிந்ததுதான். பிள்ளை கூப்பிட்டதும் வந்து நிற்பான். மாற்று முடிந்த 3, 4-ஆம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுக்கும் முறை வந்தபின், கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலையே தாக்கும் ஜிவிஎச்டி பற்றிய பழைய பயமும் வெகுவாகக் குறைந்துவிட்டது. நான் தயாராகத்தான் இருந்தேன்.

தடுத்தது ஒரு ரத்தப் பரிசோதனை. என்னிடம் அம்மாவோடு பொருந்தாத பாதி அப்பா கொடுத்தது. 6-ஆம் குரோமோசோமில் உள்ள அந்த எச்எல்ஏ வகைகளை, என்னைச் சுமந்தபோதே அம்மாவின் உடல் அந்நியம் என்று கண்டு, அவற்றை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியைத் தயாரித்து வைத்திருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் அது போகவில்லை! ஆன்டிபாடி வலுவாக இருந்தால் என் செல்கள் அம்மாவின் மஜ்ஜையில் வேர் பிடிக்காமலே போகலாம். ரத்தத்தின் திரவப் பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்றம் போன்றவற்றால் ஆன்டிபாடியின் அளவைக் குறைத்துவிட்டு முயல்வதுண்டு. எங்களுக்கு வந்த அளவைப் பார்த்தபின் துணிச்சல் வரவில்லை; பதிவகத்தில் கிடைத்தவரிடமே போனோம். தாய்க்குப் பிள்ளை கொடுப்பதாக இருந்தால் பொருத்த எண்ணிக்கைக்கு முன் இதைக் கேளுங்கள்; பல முறை கருவுற்றவர் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

10-க்கு 10 என்பதும் முழுப் பொருத்தம் இல்லை. ஏ, பி, சி, டிஆர்பி1, டிக்யூபி1 என்ற ஐந்து எச்எல்ஏ மரபணுக்கள்தான், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி என்று, அந்தக் கணக்கு. டிபிபி1 என்ற இன்னொரு எச்எல்ஏ மரபணு அதில் வராது. உறவில்லாதவர்களிடையே அது பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. அந்த வேறுபாட்டிலும் உடல் ஓரளவு பொறுத்துக்கொள்வது, பொறுக்காதது என இரண்டு உண்டு. எங்களுக்கு முதலாவது அமைந்தது.

பதிவகத்துக்காரர் பக்கம் சாய்ந்தே இன்னொன்றும் சொல்கிறேன். பாதிப் பொருத்த மாற்றுக்குப்பின் சிலருக்கு, ரத்தப் புற்றுநோய்ச் செல்கள் பொருந்தாத பாதியை உதறிவிட்டுப் பொருந்தும் பாதியையே இரட்டித்துக்கொண்டு, கொடையாளரின் செல்கள் கண்ணில் படாமல் திரும்பி வருகின்றன.

அம்மாவுக்கு மாற்று நடந்து எட்டு மாதம் ஆகிறது. தோலில் லேசாக ஜிவிஎச்டி வந்து அடங்கியது. ஒரே நோயாளியைப் பார்த்தவன் இதற்கு மேல் அடித்துப் பேசக் கூடாது. ஆன்டிபாடி இல்லை என்று வந்திருந்தால் காத்திராமல் நானே கொடுத்திருப்பேன்.