மிக்ஸிங், லைசென்ஸ் ரெண்டும் சேர்த்து 14,500 ரூபாய் போச்சு, உஷார்

மணி இரவு 1.20. கோபத்தில் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். 14,500 ரூபாய். நாலு பேர் ஆளுக்கு 3,625 போட்டுச் சேர்த்த காசு. வீட்டில் கவர் பாட்டு (ஏற்கெனவே வந்த பாட்டை நாமே பாடி வாசிப்பது) பதிவு செய்கிற யாரும் இந்தக் குழியில் விழக்கூடாது. நடந்ததைச் சொல்லிவிட்டு, என்னென்ன பார்க்கவேண்டும் என்று கடைசியில் விவரமாகத் தருகிறேன்.

நான் கிடார். கல்லூரித் தோழர்கள் இருவர் வயலினும் தபலாவும். என் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா பாடினார். எழுபதுகளில் வந்த ஒரு சினிமாப் பாட்டு. இடம், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறை. மார்கழியில் ஸ்ரீரங்கம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? பகலெல்லாம் பகல்பத்து, இராப்பத்துக் கூட்டம், ஆட்டோ ஹாரன். விடிவதற்கு முன்பே ஒலிபெருக்கியில் திருப்பாவை. ஆகவே இரவு பதினொன்றுக்கு மேல்தான் பதிவு. ஜன்னலில் ஜமக்காளம், ஃபேன் அணைப்பு, கீழே ஃப்ரிட்ஜும் அணைப்பு. அம்மாவின் இட்லி மாவு புளித்துப்போனதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை. ஒரு கண்டென்சர் மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இரண்டு சானல் இன்டர்ஃபேஸ், நாலு ராத்திரி, தனித்தனியாகப் பதிந்த 11 டிராக்.

பதிவு சரி, மிக்ஸ், அதாவது டிராக்குகளை எல்லாம் அளவாகச் சேர்த்து ஒரே பாட்டாக்குவது, யார் செய்வது? எங்களில் யாருக்கும் வராது. ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடித்துத்தரும் ஒரு தளத்தில் தேடினோம். (பெயர் சொல்லவில்லை.) ஒருவன் கிடைத்தான். ரேட்டிங் நன்றாக இருந்தது. ஆனால் நாங்கள் விழுந்தது ரேட்டிங்கில் இல்லை.

நாங்களே ஒப்பேற்றிய கச்சா மிக்ஸ் ஒன்றை அனுப்பியிருந்தோம். பத்தே நிமிஷத்தில் போன். "அண்ணா, சூப்பரா இருக்கு. ஆனா வயலின் ஒரு நூல் பின்தங்குது. ப்ளூடூத் ஹெட்போன் போட்டு வாசிச்சாரா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. வயலின்காரன் அப்படித்தான் வாசித்தான். ப்ளூடூத்தில் சத்தம் காதுக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்தோடு அவன் வாசிக்க, பதிவும் பின்னால் போய்விட்டது. எங்கள் நாலு பேருக்கே மூன்றாம் நாள்தான் உறைத்த விஷயம். இவன் போனிலேயே கேட்டுப் பிடித்துவிட்டான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "இந்தத் தம்பிகிட்டயே குடுத்துடலாம்" என்றார். அந்த நிமிஷத்தில் முடிந்தது எங்கள் கதை. ஆள் வேலை தெரிந்தவன்தான். அதுதான் இன்னும் எரிகிறது.

மிக்ஸிங், மாஸ்டரிங் (கடைசி மெருகு) 8,500. கூடவே "கவர் லைசென்ஸ்" 6,000. "லைசென்ஸ் இல்லாம போட்டா சேனலையே தூக்கிடுவாங்க அண்ணா" என்று பயமுறுத்தினான். மொத்தம் 14,500. தளம் வழியாகக் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள், நேரே யூபிஐயில் போட்டால் பொங்கலுக்குள் முடித்துத் தருகிறேன் என்றான். போட்டேன். முழுசாக. முன்பணம் பாதி என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. 11 டிராக்கையும் 24 பிட் வேவ் ஃபைலாக, 400 எம்பிக்கு மேல், அன்றிரவே ஏற்றி அனுப்பினேன்.

அப்புறம் ஆரம்பித்தது. முதல் வாரம் "ரெண்டரிங் போயிட்டு இருக்கு அண்ணா". அடுத்து சிஸ்டம் சர்வீஸில் இருக்கிறது. அடுத்து பாட்டிக்கு உடம்பு சரியில்லை. (இது உண்மையாக இருந்தால் மன்னிக்கட்டும்.) காசு போகும்வரை "அண்ணா", போனபிறகு "ப்ரோ", நேற்று "ஹலோ மிஸ்டர்". நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்பதை இதை வைத்தே தெரிந்துகொண்டிருக்கலாம்.

போகி அன்று ஃபைல் வந்தது. கேட்டதும் ஆஹா என்றிருந்தது, உண்மையைச் சொல்லவேண்டும். பளிச்சென்று, கனமாக, சினிமாப் பாட்டு மாதிரி. எல்லாரும் மெசேஜில் கைதட்டினோம். வயலின்காரன் மட்டும், "நான் இன்னும் லேட்டாதான்டா வரேன்" என்றான்.

அவன்தான் கண்டுபிடித்தான். எங்கள் கச்சா மிக்ஸையும் அந்த ஆள் அனுப்பிய மிக்ஸையும் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்தி, ஒன்றின் ஒலி அலையைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஓட்டினான். இரண்டிலும் பொதுவாக இருப்பது அடிபட்டுப்போகும், மாற்றியது மட்டும் மிஞ்சும். மிஞ்சியது என்ன தெரியுமா? தபலா அடி விழும் இடங்களில் டிக், டிக் என்று ஒரு பூச்சிச் சத்தம். அவ்வளவுதான். அந்த 11 டிராக்கை அந்த ஆள் தொடவே இல்லை. எங்கள் கச்சா மிக்ஸின் மேலேயே ஒரு லிமிட்டரை (சத்தத்தின் உச்சங்களை அமுக்குவது) போட்டுச் சத்தத்தைக் கூட்டி அனுப்பியிருக்கிறான். சத்தம் கூடினால் காதுக்கு நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அதற்கு 8,500.

லைசென்ஸ் இன்னும் மோசம். முத்திரையெல்லாம் போட்ட ஒரு பிடிஎஃப், "பதிப்புரிமை வாரியம்" வழங்கியதாம், இந்த மாதத் தேதியோடு. அந்த வாரியத்தின் வேலை 2017-லேயே இன்னொரு தீர்ப்பாயத்துக்குப் போய், அந்தத் தீர்ப்பாயத்தையும் 2021-ல் கலைத்துவிட்டார்கள் என்று வக்கீலாக இருக்கும் சித்தப்பா சொல்லித்தான் தெரியும். சட்டத்தில் கவருக்கு வழியே இல்லை என்றில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 31சி பிரிவு இருக்கிறது. முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்கவேண்டும், உரிமையாளருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கவேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்டவேண்டும். ஆறாயிரம் ரூபாய்க்கு வாட்ஸ்அப்பில் வருகிற சமாச்சாரமா இது?

யூடியூபில் வீடியோவை ஏற்றிய அரைமணி நேரத்தில் இசை நிறுவனத்தின் க்ளைம் வந்து நின்றது. அவனைக் கேட்டால், "அது க்ளைம்தான் ப்ரோ, ஸ்ட்ரைக் இல்ல, ஒண்ணும் ஆகாது" என்கிறான். சரிதான்! க்ளைம் என்றால் விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகும், சேனலுக்கு அதனால் அடி விழாது. எத்தனையோ கவர்கள் அப்படித்தான் ஓசியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படியென்றால் என்னிடம் 6,000 எதற்கு வாங்கினாய்? பதில் இல்லை. நேற்று மாலையிலிருந்து ஒற்றை டிக்.

தளத்துக்கு எழுதினேன். வெளியே கட்டிய பணத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே பத்தி, இரண்டு தடவையும் எழுத்து மாறாமல். வங்கியில், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியதுதானே சார் என்று கேட்டார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது? 14,500 ரூபாய்க்கு நானே பின் போட்டேன். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ல் புகார் பதிவாகியிருக்கிறது, ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கண் எரிகிறது. சுருக்கமாக: தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள். முழுப்பணம் முன்னால் கொடுக்காதீர்கள். கச்சா மிக்ஸை அனுப்பவே அனுப்பாதீர்கள், டிராக்குகளை மட்டும் அனுப்புங்கள், அவற்றின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள் (இதை மட்டும் உருப்படியாகச் செய்திருந்தேன்). வந்த மிக்ஸைச் சத்தம் சமப்படுத்திக் கேளுங்கள். பணம் போனால் அன்றே 1930, என்னைப்போல் பொங்கல் முடியட்டும் என்று இருக்காதீர்கள். ப்ளூடூத் ஹெட்போன் போட்டு வாசிக்காதீர்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே தபலாக்காரன் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புகிறான். அவனுடைய எண்ணை அந்த ஆள் இன்னும் தடுக்கவில்லை போலிருக்கிறது. தை மாதச் சலுகையாம், மிக்ஸிங்கும் லைசென்ஸும் சேர்த்து 9,999.