ஃபேனை நிறுத்திட்டுக் கேளுங்க: ஓலாவுர் ஆர்னால்ட்ஸின் ‘யூலஜி ஃபார் எவல்யூஷன்’

என் காதுக்குப் பழக்கம் மெட்டலின் டபுள் பெடல்தான், அதாவது இரண்டு காலாலும் பாஸ் டிரம்மைப் படபடவென்று உதைக்கிற சத்தம். காலேஜில் நாலு வருஷம் டிரம்ஸ் அடித்தவன் (ஹாஸ்டல் வார்டன் சாட்சி). வயலின், பியானோ என்றாலே கல்யாண ரிசப்ஷனும் வெஜிடபிள் பிரியாணியும்தான் ஞாபகம் வரும்.

ஹெவன் ஷல் பர்ன் என்கிற ஜெர்மன் மெட்டல் பேண்டின் ‘ஆன்டிகனி’ (2004) எனக்கு மனப்பாடம். கதறல் ஆரம்பிக்கும் முன்னாடி அதில் மெதுவாக ஒரு துண்டு வரும். வருஷக்கணக்கில் அதைத் தள்ளிவிட்டு நேரே இரண்டாவது பாட்டுக்குத்தான் போவேன். ஒருநாள் கை முழுக்க தோசை மாவு, போனைத் தொட முடியவில்லை. வேறு வழியில்லாமல் முழுசாகக் கேட்டேன். இதைப் போட்டவன் யார்டா என்று தேடினால், ஓலாவுர் ஆர்னால்ட்ஸ் என்கிற ஐஸ்லாந்துப் பையன். அந்த ஆல்பம் வந்தபோது வயது 17. ஹார்ட்கோர் என்கிற முரட்டு ராக் பேண்டுகளில் டிரம்மர். டிரம்மரா! அன்று ராத்திரியே அவனுடைய முதல் ஆல்பமான ‘யூலஜி ஃபார் எவல்யூஷ’னைப் போட்டேன். 2007இல் வந்தது, எரேஸ்டு டேப்ஸ் என்கிற இசைக் கம்பெனி வெளியீடு. 8 பாட்டு, 40 நிமிஷம். பாட்டுகளுக்குப் பேர் கிடையாது, 0040, 0952 என்று எண்கள்தான். பஸ் டைம்டேபிள் மாதிரி.

முதல் பாட்டில் என்ன கேட்டது தெரியுமா? எங்கள் வீட்டு சீலிங் ஃபேன். மெட்டல் கேட்கும்போது அந்தக் கடகடப்பு ஒருநாளும் காதில் விழுந்ததில்லை. மே மாசப் புழுக்கத்தில் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன். அப்புறம்தான் வயலினின் வில் கம்பியைத் தொடுகிற அந்த உரசல் வந்தது. பியானோவில் ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு, அது தேய்ந்து அடங்கும்வரை அடுத்ததைத் தொடாமல் இருக்கிறான். எனக்கு அந்தப் பொறுமை ஸ்டிக்கைப் பிடித்த நாளிலிருந்து இருந்ததில்லை.

குறை சொல்லாமல் விடமாட்டேன். நடுவில் இரண்டு மூன்று பாட்டு ஒன்றுக்கொன்று சித்தப்பா பிள்ளைகள். வயலின் சில இடத்தில் மெகாசீரியல் அழுகைப் பக்கம் சாய்கிறது. ஒரு இடத்தில் கண் அசந்துவிட்டேன், மறைக்கவில்லை.

3055 வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டிரம்ஸ்! அரைமணி நேரமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அடிக்கிற அடி. கடைசிப் பாட்டு 3704/3837இல் கரகரவென்று உறுமும் டிஸ்டார்ஷன் கிடாரே இறங்குகிறது. வேகத்தில் நான் கேட்கிற மெட்டலுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் மெட்டலில் வேகம் குறைந்து அடி கனமாக விழுகிற எந்த பிரேக்டவுனும் என்னை இப்படி உலுக்கியதில்லை. பனியன் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது, புழுக்கமா பாட்டா தெரியவில்லை.

‘தியான மியூசிக்’ என்று யாராவது இதைப் பரிந்துரைத்தால் நம்பாதீர்கள். ஷஃபிளில் போடவே போடாதீர்கள். பழைய பேண்டில் கிடார் வாசித்த நண்பனுக்குக் கடைசிப் பாட்டை மட்டும் அனுப்பித் தொலைத்தேன். “நல்லாருக்கு மச்சி, இதுக்கா இவ்வளவு பில்டப்பு?” என்று பதில் வந்தது. தப்பு என்மேல்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஃபேனை நிறுத்தப் போகிற விஷயத்தை மட்டும் இன்னும் சொல்லவில்லை.