இரண்டுக்கும் ஒரே தொட்டியா? ஃபைபர் ஞானஸ்நானத் தொட்டி: ஒரு மதிப்பீடு

நீளம் 2 மீட்டர், அகலம் 1.2, உயரம் 1.1. தலையில் தண்ணீர் ஊற்றும் குழந்தை ஞானஸ்நானம், வளர்ந்து விசுவாசித்தவர் தண்ணீரில் முழுகிப் பெறும் விசுவாசி ஞானஸ்நானம் இரண்டுக்கும் ஆகும் என்று சொல்லி, விளிம்பில் சின்னக் கிண்ணம் ஒன்றையும் பொருத்தி விற்கிறார்கள். முழுக்குக்கு நம்பி வாங்கலாம். கிண்ணம் வேண்டாம்.

முழுக்கு என்பது கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு எழுந்திருப்பது (ரோமர் 6:4). ஆள் முழுசாகச் சாய்ந்து மறைய வேண்டும். அதற்கு இந்த நீளம் தாராளம். தண்ணீர் 80 செ.மீ. போதும், இடுப்பளவு வரும். போதகர் பக்கவாட்டில் நின்று ஒரு கையைப் பிடரியிலும் மறு கையை மார்பில் கோத்த கைகளிலும் வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லிச் சாய்க்க வேண்டும். காலை நீட்டினால் பாதம் வழுக்கி இருவரும் விழுவார்கள். உள்தரை வழவழப்பாக இருப்பதுதான் இதன் பெரிய குறை; உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் மேட் தனியாக வாங்கிப் போடுங்கள். வெள்ளை அங்கி நனைந்தால் உடல் தெரியும். அடர்நிறத் துணியில் தைத்து, மிதக்காதபடி கீழ்மடிப்பில் எடை வையுங்கள்.

80 செ.மீ. என்றால் 1,920 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு டன். மாடி ஹாலில் கூடும் சபைகள் இன்ஜினியரைக் கேட்காமல் வைக்கவே கூடாது. தண்ணீரை 5 டிகிரி சூடாக்க 2 கிலோவாட் ஹீட்டருக்கு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆள் இறங்குமுன் பிளக்கைக் கழற்றி ஹீட்டரை வெளியே எடுத்துவிட வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வயர் மைக் அருகிலேயே வேண்டாம்.

இனி அந்தக் கிண்ணம். குழந்தையை இடது கையில் ஏந்தி, வலது கையால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று முறை தலையில் ஊற்ற, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். விளிம்பு ஆயரின் நெஞ்சளவு உயரம். பக்கத்திலேயே ஆழத் தண்ணீர். குழந்தை துள்ளினால் என்ன ஆகும்? அதோடு, குழந்தை ஞானஸ்நானம் கடவுளோடான உடன்படிக்கையின் அடையாளம் என்று போதிக்கும் சபைகளில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சபைமுன் வாக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளை வளர்ந்து, திடப்படுத்தல் என்ற சடங்கில் அந்த வாக்கைத் தன் வாயால் ஏற்கிறது. அதனால் குழந்தைக்கான ஞானஸ்நானத் தொட்டி கண்ணெதிரே நிலையாக நிற்க வேண்டும், முழுக்கு நாளில் மட்டும் வந்துபோகும் உதிரிப்பாகமாக அல்ல. 1970-ல் உருவான வட இந்தியத் திருச்சபை இரண்டு முறையையும் ஏற்கிறது. அப்படிப்பட்ட சபைக்கு இரண்டு தொட்டிதான் சரி.

வடிகுழாய் அடித்தரையைவிடச் சற்று மேலே இருப்பதால் கடைசித் தண்ணீரைத் துடைத்துத்தான் எடுக்க வேண்டும். அன்றே காலிசெய்யுங்கள். மூடியில்லாத தொட்டியில் சிறுபிள்ளைகள் எட்டிப்பார்ப்பார்கள்.