ஒப்புக்கொள்வதா, வழக்காடுவதா?

மலேசியாவில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் விருந்தில் குடித்துவிட்டு வண்டி எடுத்தவர், சாலைத் தடுப்பில் மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதிக் காட்டிப் பிடிபடுகிறார். அப்புறம் ஜாலான் டூத்தா நீதிமன்றம். எதிரே இரண்டு வழிகள்.

முதலாவது, குற்றத்தை ஒப்புக்கொள்வது. சீக்கிரம் முடியும், வழக்கறிஞர் செலவும் குறைவு. ஆனால் "அபராதம் கட்டிவிட்டால் போதும்" என்று கடையில் பேசுவதை நம்ப வேண்டாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 45ஏ பிரிவில் முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, குறைந்தது 2 ஆண்டு லைசென்ஸ் தடை. ஒப்புக்கொண்டதற்காக நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம். ஆனாலும் 10,000க்குக் கீழே இறங்க முடியாது. பிறகு மேல்முறையீடு செய்தாலும் தண்டனையின் அளவு, சட்டப்பொருத்தம் பற்றி மட்டுமே பேசலாம்.

வழக்காடினால் மாதக்கணக்கில் அலைச்சல், பணமும் கரையும். கருவியின் அளவீடு, ரத்த மாதிரி கைமாறிய விதம் ஆகியவற்றில் ஓட்டை இருந்தால்தான் இது பலன் தரும். மூச்சில் 100 மில்லிலிட்டருக்கு 22 மைக்ரோகிராம் ஆல்கஹால்தான் வரம்பு, முன்பு 35. "ரெண்டு பியர்தான் சார்" என்பது வாதமே அல்ல.

லாரி ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த 2 ஆண்டுத் தடைதான் பெரிய அடி. அவர் ஆவணங்களை ஒரு லாயரிடம் காட்டாமல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பேன். அளவு வரம்பைவிட வெகுவாகத் தாண்டி, ஆவணங்களும் சரியாக இருந்தால், நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.