மோட்டார்ஹோமுக்கு லித்தியம் பேட்டரி: போட்ட காசுக்குத் தகுமா?

எங்கள் மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, அடுப்போடு கூடிய வேன், ஒரு பழைய ஃபியட் டுகாட்டோ. அதில் உள்ளே விளக்கு, சாதனங்களுக்கு மின்சாரம் தரும் லெட் ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி போட்டோம். விலை கையைக் கடித்தது. ஆனால் பழையதில் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். இதில் ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம். எடையும் பாதிதான். பிரிட்டனில் 1997க்குப் பிறகு கார் லைசென்ஸ் எடுத்தவர் ஓட்டும் டீசல் வண்டிக்கு சாமான்களோடு சேர்த்து 3,500 கிலோதான் எடை வரம்பு. அரிசி மூட்டை, தோசைக்கல் சகிதம் கிளம்பும் நம்மவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு!

குறை குளிரில்தான். 0 டிகிரிக்குக் கீழே இதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஸ்காட்லாந்தின் கிளென்கோவில் விடிகாலை உறைபனி. சோலார் பேனலில் நல்ல வெயில், மானிட்டரிலோ 0 ஆம்பியர்; பேட்டரியில் சார்ஜே ஏறவில்லை. பேட்டரி சீட்டுக்கு அடியில் இருந்ததால் ஹீட்டர் போட்டுக் கொஞ்ச நேரத்தில் ஏற ஆரம்பித்தது. வெளி லாக்கரில் வைத்திருந்தால் அன்றைக்கு அம்போதான்.

இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக இணைத்தால், ஆல்டர்னேட்டர் சூடாகிக் கெடலாம். அதைத் தவிர்க்க, நடுவில் மின்னோட்டத்தை அளவாக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்; அது தனிச் செலவு. கடைக்காரர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

ரைஸ் குக்கர் ஓடுமா என்று கேட்பவர்களுக்கு: பெரிய இன்வெர்ட்டர் இருந்தால் ஓடும், சார்ஜும் மளமளவென்று இறங்கும். நாங்கள் கேஸ் அடுப்பில்தான் வடிக்கிறோம். குளிர்காலத்தில் புரொப்பேன் சிலிண்டராகப் பார்த்து வாங்குங்கள்; பியூட்டேன் உறைபனியில் அடுப்புக்கே வராது.